சாயக்கழிவு பற்றி ஆவணப்படம் எடுக்க ஆசை, கல்யாண வீடியோதான் சோறு போடுகிறது: இதைத் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?

நொய்யல்கரையான்

வணக்கம். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முடித்துவிட்டு காங்கயம், சென்னிமலை, வெள்ளகோவில் பக்கம் கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறேன். வருமானம் மோசமில்லை. முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் கேமராவைத் துடைத்து பெட்டியில் வைத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

எங்கள் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த அணை, கொஞ்ச வருடத்திலேயே திருப்பூர் சாயக்கழிவு வந்து தேங்கும் குட்டையாகிவிட்டது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத பட்டறைகளை மூடச் சொன்னது எல்லாம் இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். அணை வந்தால் தண்ணீர் வரும் என்று சந்தோஷப்பட்ட அதே ஊர்க்காரர்கள், அப்புறம் அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று போராட வேண்டி வந்தது. இதைப் படமாக எடுக்கவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. இந்த ஒன்றோடு நிற்காமல், தண்ணீர், நிலம், வேலை, சாதி என்று இந்த மாதிரிப் படங்களையே வேலையாக வைத்துக்கொள்ளவும் ஆசை.

கேள்வி இதுதான். இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? அரசியல் ஆவணப்படங்கள் எடுக்கும் ஆனந்த் பட்வர்தன் மாதிரி ஆட்கள் 1970-களில் இருந்து இதை மட்டும் செய்துகொண்டு எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? வீட்டில் பணம் இருப்பவர்களுக்கு மட்டுமான வேலையா இது? "இதுல என்னடா வரும்" என்று அப்பா கேட்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

வெட்டியும் ஒட்டியும்

தம்பி, நான் சென்னையில் எடிட்டர். கம்பெனி வீடியோ வெட்டுவதில் வாடகை கட்டுகிறேன், ஆவணப்படம் வெட்டுவதில் தூக்கம் கெடுக்கிறேன். அதனால் காசு விஷயத்தையே முதலில் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் அரசாங்கம்தான் பெரிய முதலாளி. 1948-ல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படங்களைத்தான் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் என்று ஓட்டுவார்கள், ஜனம் வெளியே டீ குடித்துக்கொண்டிருக்கும். அதை 2022-ல் என்.எஃப்.டி.சி. என்ற அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். 2000-க்குப் பிறகு பி.எஸ்.பி.டி. என்ற அறக்கட்டளை தூர்தர்ஷனோடு சேர்ந்து நிறைய பேருக்கு முதல் படம் எடுக்கக் காசு கொடுத்தது. என் தலைமுறையில் பாதிப்பேர் அந்த வாசல் வழியாக வந்தவர்கள், ஆனால் இன்றைக்கு அதை நம்பி யாரும் உட்கார முடியாது. இப்போது மிச்சமிருப்பது பெங்களூரின் ஐ.எஃப்.ஏ. போன்ற கலை நல்கைகள் (கிராண்ட்), ஆம்ஸ்டர்டாம் விழாவின் பெர்த்தா ஃபண்ட், அமெரிக்காவின் சன்டான்ஸ் ஃபண்ட் மாதிரி வெளிநாட்டுக் காசு, அப்புறம் கொல்கத்தாவில் நடக்கும் டாக்எட்ஜ் மாதிரி பிட்சிங் மேடைகள். பிட்சிங் என்றால் சில நிமிடத்தில் உன் படத்தைப் பற்றி சேனல்காரர்கள் முன்னால் பேசி, ஒரு டிரெய்லரும் காட்டவேண்டும். இங்கிலீஷில். நம் ஆட்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், படத்தில் கோளாறு இருக்காது. பேசத் தெரிந்த ஒரு தயாரிப்பாளரைக் கூட வைத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம்.

இந்த வழியில் போய் ஜெயித்தவர்களும் உண்டு. டெல்லியில் மாஞ்சா நூலில் அறுபட்டும், காற்றின் நஞ்சில் சோர்ந்தும் விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் அண்ணன் தம்பியைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த 'ஆல் தட் ப்ரீத்ஸ்' 2022-ல் சன்டான்ஸிலும் கேன்ஸிலும் பரிசு வாங்கியது, அடுத்த வருடம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. ஆனால் அதற்குப் பின்னால் சுமார் மூன்று வருடப் படப்பிடிப்பு இருக்கிறது, வெளிநாட்டு எடிட்டர், பல நாட்டு ஃபண்ட் எல்லாம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாளைக்கே நமக்கும் கிடைக்கும் என்று கல்யாண வேலையை விட்டுவிடாதே. உண்மையைச் சொன்னால், ஆடியும் மார்கழியும் சும்மா கிடக்கும் கேமராமேன் ஆவணப்படம் எடுக்கக் கொடுத்துவைத்தவன். மழை வரும் ஐப்பசியில் கழிவு எப்படித் திறந்துவிடப்படுகிறது என்பதை மட்டும் முகூர்த்தத்தோடு மோதாமல் பார்த்துக்கொள், அந்த மாதத்தை விட்டால் அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்கவேண்டும்.

கருவிக்காகக் கடன் வாங்காதே. உன் கல்யாணக் கேமரா போதும். மைக்குக்குச் செலவு பண்ணு. பார்ப்பவன் மங்கலான காட்சியை மன்னிப்பான், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவான். தோட்டத்தில் பேட்டி எடுத்தால் பக்கத்து மோட்டார் ஓடும், அதை நிறுத்தச் சொல்லிவிட்டு எடு, எடுத்து முடித்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு பண்ணு. அது இல்லாமல் எடிட்டர் படும் பாடு உனக்குத் தெரியாது. புட்டேஜை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வை, இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. ஒரு மணி நேரப் படத்துக்கு 100 மணி நேரம் எடுத்துக்கொண்டு வருபவர்கள் சாதாரணம், அதில் யார் எங்கே என்ன சொன்னார் என்று அன்றன்றைக்கே எழுதி வைக்காவிட்டால் அந்த 100 மணி நேரமும் குப்பைதான்.

என்.ஜி.ஓ.க்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பதும் ஒரு வருமானம். கழிவறைத் திட்டம், மகளிர் குழு, மரம் நடுதல். செய், தப்பில்லை. அதுதான் ஆவணப்படம் என்று மட்டும் நம்பிவிடாதே, கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டு கையசைக்கவேண்டும் என்று கேட்பார்கள்.

மறுதிரை மதுரை

எடிட்டர் தோழர் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அவர் சொல்வதெல்லாம் படம் முடிகிற வரைக்கும்தான். மதுரையில் நாங்கள் சில பேர் சேர்ந்து திரையிடல் நடத்துகிறோம், என் கணக்கில் இந்த வேலையின் பெரிய பாதி படம் முடிந்த பிறகுதான் தொடங்குகிறது.

பட்வர்தன் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று கேட்டீர்கள். முதலில் அவர் தொடங்கிய விதத்தைப் பாருங்கள். பீகாரில் ஜெயபிரகாஷ் நாராயண் இயக்கத்தை எடுக்கப் போனபோது கையில் காசு கிடையாது. சூப்பர் 8-ல் எடுத்ததைத் திரையில் ஓட்டி அதையே 16 எம்.எம். கேமராவில் திரும்ப எடுத்துப் படமாக்கினார். எமர்ஜென்சியில் அந்தப் படத்தை வெளியே காட்ட முடியாமல் துண்டு துண்டாக வெளிநாட்டுக்குக் கடத்தி, அங்கே ஒட்டி ஓட்டினார்கள். அப்புறம் மும்பை நடைபாதை ஜனங்கள் பற்றி 1985-ல், அயோத்தி பற்றி 1992-ல், நர்மதைப் போராட்டத்தில் சிமந்தினி துருவோடு சேர்ந்து 1995-ல், மீனவர்கள் பற்றி 1998-ல். 'ஜெய் பீம் காம்ரேட்' வர மட்டும் 14 வருடம் ஆனது. 1997-ல் மும்பையில் தலித் ஜனங்கள் வாழும் ரமாபாய் காலனியில் போலீஸ் சுட்டு பத்துப் பேர் செத்தார்கள், அதைத் தாங்காமல் கவிஞர் விலாஸ் கோக்ரே தூக்குப்போட்டுக்கொண்டார், அங்கே தொடங்கிய படம் 2011-ல்தான் முடிந்தது.

இன்னொரு பக்கம் அவருக்கு கோர்ட் வாசல்தான். தேசிய விருது வாங்கிய படத்தையே தூர்தர்ஷன் போடமாட்டேன் என்றால் வழக்கு. 1995-ல் எடுத்த 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' படத்தை ஒளிபரப்பச் சொல்லி உச்ச நீதிமன்றம் சொன்னது 2006-ல். அணுகுண்டுக்கு எதிரான 'ஜங் அவுர் அமன்' படத்தில் சென்சார் வெட்டச் சொன்னதை ஒன்றுகூட வெட்டாமல் 2003-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2019-ல் திருவனந்தபுரம் விழாவில் அவருடைய 'விவேக்' படத்தைக் காட்ட மத்திய அமைச்சகம் விலக்கு தரவில்லை, கேரள உயர் நீதிமன்றம் போய்த்தான் காட்டினார்கள். எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்த அளவுக்கு வக்கீல் ஆபீசிலும் உட்கார்ந்திருப்பார் போல. படித்த குடும்பம், அமெரிக்காவிலும் கனடாவிலும் படித்தவர், அந்த வசதி ஒரு பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் வசதி இல்லாமலும் இதைச் செய்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அமுதன் ஆர்.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளும் பெண்ணின் பின்னாலேயே போய் 2003-ல் 'பீ' எடுத்தார். பின்னணி இசை, புள்ளிவிவரம், நிபுணர் பேட்டி ஒன்றும் கிடையாது, அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அவ்வளவுதான். பாதியில் எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் மணவாளக்குறிச்சி மணல், கல்பாக்கம், கூடங்குளம் என்று கதிர்வீச்சு பற்றியே தொடர் படங்கள், உங்கள் திருப்பூர் பற்றியும் 'டாலர் சிட்டி' எடுத்திருக்கிறார், அவசியம் பாருங்கள். முக்கியமாக, அவர் படம் எடுப்பதோடு நிற்காமல் 1998 முதல் மதுரையில் ஆவணப்பட விழா நடத்தினார், மறுபக்கம் என்று அமைப்பு வைத்து ஊர் ஊராகத் திரையிடுகிறார். பார்க்கும் கூட்டத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டார்.

மலம் அள்ளுபவர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017-ல் வந்தபோது பல ஊர்களில் போலீஸ் திரையிட விடவில்லை. மண்டபக்காரர் முதல் நாள் சரி என்பார், மறுநாள் காலையில் "மேலேர்ந்து போன் வந்துச்சுங்க" என்பார். யூடியூபில் போட்டதும் லட்சக்கணக்கில் பார்த்தார்கள், கூடவே அவர்மேல் வழக்கு, கொலை மிரட்டல், ஒரு பழைய வழக்கில் கைது. அடுத்து ஒக்கிப் புயல் பற்றி எடுத்த 'ஒருத்தரும் வரேல' படத்துக்கும் வழக்கு போட்டார்கள். தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கும்போது இதையும் சேர்த்துத்தான் கேட்கவேண்டும். படம் தொடங்கும் முன்பே ஒரு வக்கீல் நண்பரைப் பிடித்துவையுங்கள், கேமராமேனைவிட அவர் முக்கியம்.

சென்சார் சான்றிதழ் விஷயம்: பொதுக் காட்சி என்றால் சட்டப்படி வேண்டும், விழாக்களுக்கு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். நம்மைப் போன்றவர்கள் உறுப்பினர்களுக்கு மட்டும், அழைத்தவர்களுக்கு மட்டும் என்று சின்னதாக நடத்துகிறோம். 2004-ல் மும்பை அரசு விழாவில் படங்களைக் கழித்துக்கட்டுகிறார்கள் என்று இயக்குநர்கள் கோபப்பட்டு வெளியே தனியாக 'விகல்ப்' என்று நடத்தினார்களே, அதிலிருந்து இந்த மாதிரி மாற்றுத் திரையிடல் நிறைய ஊர்களுக்குப் பரவியது.

கழிமுகத்தான்

நான் படம் எடுப்பவன் இல்லை. எண்ணூர் பக்கம் மீன்பிடி ஊர். எங்களைப் படம் எடுக்காத ஆளே இந்த நாட்டில் இல்லை, அதனால் நானும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது பக்கெட்டில் அள்ளினோமே, அப்போது ஒரு கூட்டம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பானபோது இன்னொரு கூட்டம். நடுவில் ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதை எடுக்க மாதம் ஒருத்தர் வருவார். வருகிறவர்கள் நல்லவர்கள்தான், கோபமில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே ஷாட்தான் வேண்டும். முட்டளவு சாம்பல் தண்ணியில் வலையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்க அண்ணா, கொஞ்சம் தூரமா பாருங்க. எங்க சித்தப்பாவை அப்படி எத்தனை பேர் நிற்க வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியாது. இப்போதெல்லாம் கேமராவைப் பார்த்தாலே அவராகவே போய் தண்ணியில் நின்றுகொள்கிறார்.

ஒரு நாள் உங்களோடு சுற்றினால் அன்றைக்குத் தொழில் போச்சு. படகுக்கு டீசல் நம்முடையது. அதைக் கேட்டால் "ஆவணப்படத்துக்குப் பணம் கொடுக்கக்கூடாது, நெறி" என்பார்கள். கேமரா வாடகை கொடுக்கிறீர்கள், டிரைவர் பேட்டா கொடுக்கிறீர்கள், எங்களுக்குக் கொடுத்தால் மட்டும் நெறி கெட்டுவிடுமா? பேசுவதற்குக் காசு வேண்டாம், போன நாளுக்குக் கொடுங்கள்.

அப்புறம் படத்தைக் கொண்டுவந்து காட்டுவது. நிறையப் பேர் சொல்லிவிட்டுப் போனதோடு சரி. ஒரே ஒரு தம்பி வெட்டி முடிக்காத படத்தை எடுத்துவந்து ஊர் மண்டபத்தில் போட்டான். பெரியவர்கள் சண்டைக்கே போய்விட்டார்கள். நஷ்டஈடு வாங்கிய கதையை ஏன் போட்டாய், நாளைக்கு இன்னொரு ஊர்க்காரன் எங்களை என்ன நினைப்பான் என்று. இறால் பிடிக்கும் பெண்கள் எழுந்து, ஆற்றில் கையால் தடவிப் பிடிப்பது நாங்கள், படத்தில் பேசுவது பூராவும் ஆம்பளைங்களா என்று கேட்டார்கள். அந்தத் தம்பி திரும்பவும் வந்து எடுத்தான். அவன் படம்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போனில் இன்னும் இருக்கிறது. எந்த விழாவிலும் எடுக்கவில்லையாம்.

நீலகிரி வாடை

மேலே அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. நான் குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கிறேன், கூடலூர் பக்கம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தெப்பக்காட்டில், யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மன்-பெள்ளி தம்பதியைப் பற்றி எடுத்த 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியது, எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. அதே வருடம் ஆகஸ்டில் அந்தத் தம்பதியின் தரப்பிலிருந்து பணம் பற்றி நோட்டீஸ் போனது, தயாரிப்புத் தரப்பு மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு முந்தைய வருடம், உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' பத்திரிகை பற்றிய 'ரைட்டிங் வித் ஃபயர்' ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனபோது, அந்தப் பத்திரிகைக்காரர்களே இந்தப் படம் எங்களை முழுசாகக் காட்டவில்லை, ஒரு கட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறவர்கள் போலக் காட்டுகிறது என்று அறிக்கை விட்டார்கள். இவ்வளவுக்கும் படம் எடுத்தவர்கள் வருடக்கணக்கில் கூட இருந்தவர்கள். நாம் எந்த மூலைக்கு?

அதனால் ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, எந்தெந்த இடத்தில் காட்டப்போகிறோம், யூடியூபா ஓடிடியா, பணம் வந்தால் என்ன ஏற்பாடு என்று முதலிலேயே பேசிவிடு. இங்கிலீஷ் படிவத்தில் கைநாட்டு வாங்குவதற்குப் பேர் ஒப்புதல் இல்லை. நொய்யல், உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் யாராவது கேமரா முன்னால் பேசினால் அவருக்கு வேலை போகும். முகத்தை மறைத்தால் போதாது, திருப்பூரில் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நொய்யல்கரையான்

எல்லோருக்கும் நன்றி. கழிமுகத்தான் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நானும் மனதில் அதே ஷாட்டைத்தான் வைத்திருந்தேன், உப்புப் பூத்த காட்டில் எங்கள் தாத்தா தூரமாகப் பார்ப்பது மாதிரி.

நீலகிரி வாடை சொன்னதுதான் எனக்குப் பெரிய சிக்கல். எங்கள் அத்தை மகன் சாயப்பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். கிணறு கெட்டுப்போய் தென்னை காய்ப்பு விட்டதும் எங்கள் ஊரில் பாதி வீடு பனியன் கம்பெனி வேலைக்குத்தான் போனது. கழிவு வந்ததும் திருப்பூரிலிருந்து, சோறு வந்ததும் அங்கிருந்துதான். 2011-ல் பட்டறைகளை மூடியபோது எங்கள் தாத்தா வெடி போட்டார், அத்தை வீட்டில் அடுப்பெரியவில்லை. விவசாயி நல்லவன், முதலாளி கெட்டவன் என்று எடுத்தால் அத்தை மகன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வெட்டியும் ஒட்டியும்

தம்பி, நீ இவ்வளவு நேரம் சொன்னது சப்ஜெக்ட், இப்போது சொன்னதுதான் படம். வெளியூரிலிருந்து வருகிற யாருக்கும் ஒரே நாளில் வெடியும் பட்டினியும் ஒரே குடும்பத்தில் கிடைக்காது. அணை, நுரை, தண்ணீரில் கரைந்த உப்பின் (டி.டி.எஸ்.) அளவு எல்லாம் ஏற்கனவே டி.வி.காரர்கள் எடுத்துவிட்டார்கள். நீ தாத்தாவையும் அத்தை மகனையும் எடு. அவர் பட்டறைக்குள்ளே போகவேண்டாம், முகம் காட்டவும் வேண்டாம், வேலை முடிந்து வந்து கை கழுவுவதை எடுக்கலாம், அதுவும் அவர் சம்மதித்தால். சம்மதிக்கவில்லை என்றால் அத்தையிடம் பேசு, அத்தைகள் பேசுவார்கள்.

இதற்கு யாரும் காசு தரவேண்டியதில்லை. வருகிற ஆடியில் எடுக்கத் தொடங்கு, மார்கழிக்குள் பத்து நிமிடம் ஒட்டித் தா, நான் பார்க்கிறேன். நல்கைக்கு எழுதும்போது அந்தப் பத்து நிமிடம்தான் உனக்காகப் பேசும், இங்கிலீஷ் எல்லாம் அப்புறம்.

அப்பாவிடம் இப்போதைக்கு "கல்யாண வேலையை விடமாட்டேன்" என்று மட்டும் சொல். அவர் கேட்க வந்தது அதுதான்.

நொய்யல்கரையான்

சரி அண்ணா, ஆடியில் தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று, அணைமேல் ட்ரோன் விடலாமா? கல்யாணத்துக்கு வாங்கிய சின்ன ட்ரோன் இருக்கிறது.

மறுதிரை மதுரை

250 கிராமுக்குள் இருந்தால் 2021 விதிப்படி பைலட் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் அனுமதியில்லாமல் ட்ரோன் விடக்கூடாத சிவப்பு மண்டலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணை அரசுச் சொத்து, நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். அனுமதி வராவிட்டால் உங்கள் தோட்டத்திலிருந்தே எடுங்கள், சொந்தப் பட்டா நிலத்தில் கேமரா வைத்தால் யாரும் கேட்க முடியாது. ரஃப் கட் (முதல் எடிட்டிங்) முடிந்ததும் மதுரைக்கு வருவதற்கு முன்னால் உங்கள் ஊரில் ஒருமுறை போட்டுவிடுங்கள், புரொஜெக்டர் நாங்கள் கொண்டுவருகிறோம்.